கல் நட்டுவிட்டார்கள், இனி என்ன செய்யலாம்?

கேள்வி: பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் வழியில், கடாம்புலியூர் பக்கம் எங்கள் ஊர். மூன்று ஏக்கர் முந்திரி, வரப்போரம் பதினொரு பலா. சென்ற மாதம் நாங்கள் ஊரில் இல்லாத நாளில் சிலர் வந்து அளந்து, தோப்பின் கிழக்கு ஓரத்தில் ஒரு கல்லை நட்டு, சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 400 கிலோவோல்ட் டவர் லைன் வரப்போகிறதாம். மகள் வீடு அந்தக் கோட்டிலிருந்து அறுபது மீட்டர் தூரத்தில் இருக்கிறது. பேரனுக்கு நான்கு வயது. கம்பியிலிருந்து கதிர்வீச்சு வரும், புற்றுநோய் வரும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஊர் ஏரிக்கு மழைக்காலத்தில் நாரைகள் நிறைய வரும். அவற்றின் கதி என்ன? மாமனார் வைத்த பெரிய பலா, கல்லிலிருந்து நாற்பது தப்படியில், கோட்டுக்கு நேர் கீழே நிற்கிறது. அதை வெட்டித்தான் ஆக வேண்டுமா? யாரிடம் என்ன எழுதிக் கொடுப்பது?

— ஒரு வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள அம்மா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் டவர் லைன் வேலையில் இருந்தவன் நான். உங்கள் தோப்பில் நட்டது போன்ற கற்களை நானே எத்தனையோ ஊர்களில் நட்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது கொஞ்சம் குற்றவுணர்வோடுதான் படித்தேன். இந்த வேலையின் உள்புறம் தெரிந்தவன் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கல் நட்டுவிட்டார்கள் என்பதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தக் கல் கோடு திரும்பும் கோணப் புள்ளியா, கோபுரம் நிற்கப்போகும் இடமா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் சர்வே அடையாளம் என்றால் கோடு நகர இன்னும் இடம் இருக்கிறது. குழி தோண்டிக் கான்கிரீட் ஊற்றிய பிறகு அதை நகர்த்த வேண்டுமானால் பெரும்பாலும் நீதிமன்றம்தான் போக வேண்டும், அங்கும் எளிதில் நடக்காது. ஆகவே உங்களுக்கு இருக்கும் காலம் இந்தச் சில வாரங்கள்தான்.

பேரனைப் பற்றிய கவலைதான் உங்கள் கடிதத்தில் பெரிதாகத் தெரிகிறது. முதலில் அதைப் பேசிவிடுவோம். கதிர்வீச்சு என்றதும் எக்ஸ்ரே போலவோ அணு உலை போலவோ நினைத்துக்கொள்கிறோம். மின்கம்பியிலிருந்து வருவது அந்த வகை இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்புலமும் காந்தப்புலமும் உடலின் அணுக்களை உடைக்கும் ஆற்றல் உள்ளவை அல்ல. மின்புலத்தைச் சுவரும் கூரையும் மரமும் பெருமளவு தடுத்துவிடும். காந்தப்புலத்தை அவை தடுப்பதில்லை. பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு வரம்பு, 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காந்தப்புலத்துக்கு 200 மைக்ரோடெஸ்லா. 400 கிலோவோல்ட் கம்பிக்கு நேர் அடியில் நின்றாலும் அதில் மிகச் சிறிய பங்குதான் இருக்கும்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இந்தக் காந்தப்புலத்தை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று ஐயுறத்தக்கது’ என்ற பட்டியலில் சேர்த்தது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சராசரியாக 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் உள்ள வீடுகளில் வளர்ந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சுமார் இரண்டு மடங்கு காணப்பட்டது. காந்தப்புலம்தான் அதற்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. அது எப்படி நோயை உண்டாக்கும் என்ற வழியும் ஆய்வகத்தில் பிடிபடவில்லை. அந்த நோயே அரிதானது என்பதால் இரண்டு மடங்கு என்பதும் அரிதுதான். என் பேரன் அந்த வீட்டில் இருந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் செலவில்லாமல் குறைக்க வழி இருந்தால் குறைத்துக்கொள்வேன்.

வழி இருக்கிறது. தூரம் இரட்டிப்பானால் இந்தப் புலம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். உங்கள் மகள் வீடு அறுபது மீட்டரில் இருக்கிறது. கோடு வீட்டை விட்டு இன்னும் முப்பது, நாற்பது மீட்டர் தள்ளினாலே நிலைமை வெகுவாக மாறும். இன்னொன்று, ஊரில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே கோபுரத்தில் இரண்டு மின்சுற்றுகள் போகும் இரட்டைச் சுற்று லைனில், கோபுரத்தின் இரு கைகளிலும் மூன்று மூன்று ஃபேஸ் கம்பிகள் தொங்கும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆர், ஒய், பி என்று வந்தால், வலப்பக்கம் பி, ஒய், ஆர் என்று தலைகீழாக வரிசை மாற்றிக் கட்டலாம். அப்படிக் கட்டினால் இரு பக்கத்துப் புலங்களும் ஒன்றையொன்று பெரிதும் அடித்துக்கொள்ளும். தள்ளிப் போகப் போக இன்னும் வேகமாகக் குறையும். திட்டத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்தால் இதற்குக் கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. மனுவில் இதை ஒரு வரி எழுதுங்கள். படிக்கும் பொறியாளர் நிமிர்ந்து உட்காருவார்.

கம்பிக்கு அருகில் தகரக் கொட்டகை, நீளமான முள்கம்பி வேலி, இரும்புக் குழாய் ஏதாவது இருந்தால் எர்த் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தொடும்போது சுரீர் என்று அடிக்கும். மார்கழிப் பனியில் கம்பி உஸ்ஸென்று இரைவதைக் கேட்டால் பயப்பட வேண்டாம், ஈரக் காற்றில் அது இயல்பு. இரவில் கம்பிக்கு அடியில் டியூப்லைட்டைக் கையில் பிடித்தால் மங்கலாக எரியும் என்பதும் உண்மைதான். பையன்கள் வேடிக்கைக்குச் செய்து பார்ப்பார்கள். நீளமான எதையும் கம்பியை நோக்கித் தூக்கக் கூடாது என்று அவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இனி மரங்கள். உங்கள் ஊருக்கு வரும் உண்மையான பாதிப்பு இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஊரில் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள்.

400 கிலோவோல்ட் இரட்டைச் சுற்று லைனுக்கு 46 மீட்டர் அகலப் பாதை கணக்கு. கோபுரத்துக்குக் கோபுரம் சுமார் 400 மீட்டர். அப்படியானால் இரண்டு கோபுரங்களுக்கு இடையில் நாலரை ஏக்கர், ஒரு கிலோமீட்டருக்குப் பதினொரு ஏக்கருக்கு மேல். நெல் வயல் என்றால் கோபுரத்தின் நான்கு கால்கள் போக மீதியில் அடுத்த போகமே நடலாம். தோப்பு அப்படியில்லை. தோப்பில் போடும் கோடு இருபது, முப்பது வருட உழைப்பை ஒரே வாரத்தில் ரம்பத்தால் அறுத்துவிடும்.

2011 டிசம்பர் 30ஆம் தேதியை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய அன்று விழுந்த முந்திரியையும் பலாவையும் உங்கள் பக்கத்தில் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடர்ந்த தோப்பில் மரங்கள் ஒன்றுக்கொன்று காற்றுத் தடுப்பு. நடுவில் 46 மீட்டர் வாய்க்கால் போல வெட்டித் திறந்துவிட்டால், அதுவரை உள்ளே அணைப்பில் வளர்ந்த மரங்கள் திடீரென்று விளிம்புக்கு வந்துவிடுகின்றன. காற்றை எதிர்த்து நிற்கும் வேர்ப் பழக்கம் அவற்றுக்கு இல்லை. அடுத்த புயலில் முதலில் சாய்வது அவைதான். இழப்பீட்டுக் கணக்கில் வெட்டிய மரம் மட்டும்தான் வரும். விளிம்பில் நின்று பிறகு விழும் மரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

உங்கள் மண்ணையும் சொல்ல வேண்டும். கடலூர் மணற்பாறையின் மேல் கிடக்கும் அந்தச் செம்மண் மேட்டில் புதுச்சேரிப் பக்கம் மழைநீர் அறுத்த ஓடைப் பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். மேல்தோலை ஒரு முறை கிழித்தால் போதும், பிறகு மழையே வேலையைத் தொடரும். கிரேனும் லாரியும் போக வரத் தோப்புக்குள் போடும் தற்காலிகப் பாதைதான் பெரும்பாலும் அந்தக் கிழிசல். தோண்டிய மண்ணைச் சரிவில் குவித்துவிட்டுப் போனால் ஐப்பசி மழையில் அது உங்கள் ஏரிக்குத்தான் போய்ச் சேரும். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்ப வேண்டும். சக்கரத் தடங்களை மழைக்கு முன் மூடிக் குறுக்கு வரப்பு போட வேண்டும். இதை ஒப்பந்தக்காரரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள், எழுதி வாங்குங்கள்.

வேலை நடக்கும் காலத்தையும் நீங்கள் கேட்கலாம். தையில் முந்திரி பூக்கும், வைகாசிக்குள் கொட்டை பொறுக்கி முடித்துவிடுவீர்கள். பலாவும் ஆனியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆடியிலிருந்து புரட்டாசி வரை இருக்கும் இடைவெளியில் வேலையை முடித்தால் பூவும் காயும் தப்பும், மண்ணும் தப்பும், பறவைகள் வருவதற்கு முன் ஆட்களும் போய்விடுவார்கள். நடைமுறையில் ஒப்பந்தத் தேதிதான் இதைத் தீர்மானிக்கிறது. கேட்பவர் இருந்தால் தேதி கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

நாரைகளைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு மாவட்டத்தில், நான் ஒரு கோட்டுக்கு வழி பார்த்தேன். சித்திரை வெயில். வரைபடத்தில் ஏரி என்று நீலமாகப் போட்டிருந்த இடம் நேரில் வெடித்துக் கிடந்தது, மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கரையை ஒட்டிக் கோடு போட்டால் தனியார் நிலமும் குறைவு, தகராறும் குறைவு என்று மகிழ்ந்து போட்டேன். கம்பி ஏறிய பிறகு வந்த முதல் மார்கழியில் லைன்மேன் ஒருவர் காலையில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். கரைக்கு அடியில் ஒரு கூழைக்கடா, இறக்கை முறிந்து, உயிர் இருந்தது. பக்கத்தில் இரண்டு நாரைகள், அவற்றுக்கு உயிர் இல்லை. மின்சாரம் தாக்கிய கருகல் எதுவும் அவற்றின் மேல் இல்லை.

அது ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. 400 கிலோவோல்ட்டில் கம்பிக்குக் கம்பி இடைவெளி மிகப் பெரிது. ஒரே நேரத்தில் இரண்டைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து சாவது அங்கே அரிது, அது 11 கிலோவோல்ட் கம்பத்தில்தான் அதிகம் நடக்கும். இங்கே சாவு மோதலால் வருகிறது. கட்டுக்கட்டாகத் தொங்கும் தடித்த கம்பிகளைப் பறவை பார்த்துவிடுகிறது, பார்த்து மேலே எழும்புகிறது. அதற்கும் மேலே, கோபுர உச்சியில், இடி தாங்குவதற்காக ஒற்றையாக ஓடும் மெல்லிய எர்த் கம்பி இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. நாரை, கூழைக்கடா போன்ற கனமான பறவைகள் பறக்கையில் சட்டென்று திரும்ப முடியாது. அவற்றின் கண்கள் பக்கவாட்டிலும் கீழேயும்தான் நன்றாகப் பார்க்கும். விடியற்காலை, அந்தி, மூடுபனி என்றால் இன்னும் மோசம். ராஜஸ்தானில் கானமயிலுக்காக 2021இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்கடியில் போடச் சொன்னது இந்த மோதல் பிரச்சினையால்தான். 2024இல் அந்த ஆணையைத் தளர்த்தியது.

ஆகவே உங்கள் ஊரில் நான் கேட்கும் முதல் கேள்வி, சர்வே எந்த மாதத்தில் நடந்தது என்பதுதான். கோடையில் பார்த்தவர்களுக்கு உங்கள் ஏரி வெறும் தரைதான். ஐப்பசி முதல் தை வரை, காலையில் நாரைகள் எந்தத் திசையிலிருந்து இறங்குகின்றன, மாலையில் எந்தப் பக்கம் அடையப் போகின்றன என்று ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டு நாள் குறித்து எழுதி வையுங்கள், கைப்பேசியில் படமும் எடுங்கள். வீராணம், பெருமாள் ஏரி, ஊசுட்டேரி என்று பெயர் பெற்ற நீர்நிலைகளுக்கு ஆதரவாக ஏற்கெனவே ஆவணங்கள் உண்டு. பெயரில்லாத ஊர் ஏரிக்கு ஊர்க்காரர்கள்தான் ஆவணம் தயாரிக்க வேண்டும். பறக்கும் பாதையின் குறுக்கே கோடு வந்தே தீரும் என்றால், அந்தப் பகுதி எர்த் கம்பியில் சில மீட்டருக்கு ஒன்றாகச் சுருள்களையோ காற்றில் சுழலும் தட்டுகளையோ மாட்டச் சொல்லுங்கள். அவை மோதலை நன்றாகவே குறைக்கும், முழுவதும் நிறுத்தாது. கம்பி இழுக்கும்போதே மாட்டுவது சுலபம். ஓடும் லைனில் பிறகு ஏறி மாட்டுகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் ஒருகாலத்தில் அப்படிச் சொன்னவன்தான்.

இவ்வளவும் சுற்றுச்சூழல் அனுமதியில் பார்த்திருப்பார்களே என்று நீங்கள் நினைக்கலாம். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் டவர் லைன் போன்ற மின் தொடரமைப்புப் பாதைகள் இல்லை. காப்புக்காடு குறுக்கிட்டால் வனத்துறை அனுமதி வேண்டும், சரணாலயம் என்றால் வனவிலங்குச் சட்டம் வரும், கடலோரம் என்றால் அதற்கான ஒழுங்குமுறை வரும். உங்கள் தோப்பும் உங்கள் ஏரியும் இவற்றில் எதிலும் அகப்படவில்லை. எனவே கருத்துக் கேட்புக் கூட்டம் என்று யாரும் உங்களை அழைக்கப் போவதில்லை. நீங்களாகத்தான் போய்ப் பேச வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் அதிகாரம் பெற்ற நிறுவனம், 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரங்களைப் பயன்படுத்தும். தந்தியே போய்விட்டது, அந்தப் பழைய சட்டத்தை நீக்க 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் டவர் லைனுக்காக மட்டும் பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதியை இந்தப் புதிய சட்டம் உயிரோடு வைத்திருக்கிறது! அந்தப் பகுதியின்படி நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், கம்பி போகும் உரிமை மட்டும் அவர்களுக்கு. தடுத்தால் 16ஆம் பிரிவில் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்கி வருவார்கள். ஆனால் அதே தந்திச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, இயன்ற அளவு குறைந்த சேதத்தோடு வேலை செய்ய வேண்டும், ஏற்பட்ட சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. உங்கள் மனுவுக்கு அச்சாணி ‘குறைந்த சேதம்’ என்ற அந்தச் சொல்தான். பக்கத்தில் தரிசோ சாலையோரமோ இருக்கும்போது தோப்பின் நடுவே போவது எப்படிக் குறைந்த சேதம் ஆகும் என்று கேளுங்கள். பொதுவாக மூன்று மாற்று வழிகளாவது ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். அந்த ஒப்பீட்டைக் காட்டச் சொல்லுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கோடு திரும்ப ஒரு கோணக் கோபுரம் கூடுதலாகச் செலவாகும் என்பார்கள். உண்மைதான். அந்தச் செலவுக்கு எதிரே இத்தனை காய்க்கும் மரங்கள் என்று எண்ணிக்கை வையுங்கள்.

மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கடலூர் ஆட்சியரகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கோட்டில் வரும் மற்ற நிலக்காரர்களும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பது நல்லது. பக்கத்துத் தோப்புக்குத் தள்ளிவிடச் சொல்லித் தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டும் குப்பைக்குப் போகும். அதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். முந்திரியும் பலாவும் அதில் ஏறியிருக்கின்றனவா? பல ஊர்களில் மரங்கள் தரையில் இருக்கும், அடங்கலில் இருக்காது. ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி, சுற்றளவு, வயது, காய்ப்பு குறித்துப் படத்தோடு வையுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் தெரிந்திருக்கட்டும்: மத்திய மின்துறையின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கோபுர அடிக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிப் பாதைக்கு 15 சதவீதம் வரை என்றது. 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். மரத்துக்கும் பயிருக்கும் தரும் இழப்பீடு இதில் சேராது, அது தனி. மாநிலங்கள் ஏற்கும் அளவு மாறுபடலாம். உங்கள் லைனுக்கு எந்த ஆணை பொருந்தும் என்பதை ஆட்சியரிடம் எழுத்தில் கேளுங்கள். மண்ணுக்கடியில் கேபிளாகப் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். இந்த அழுத்தத்தில் அது பல மடங்கு செலவு, குழியின் மேல் மரமும் வைக்க முடியாது. தோப்புக்காரருக்கு அதில் பெரிய லாபமில்லை.

கடைசியாக உங்கள் மாமனார் வைத்த பலா. கம்பி இரண்டு கோபுரங்களுக்கு நடுவில்தான் அதிகம் தொய்யும். அங்கே தரையிலிருந்து குறைந்தபட்சம் 8.84 மீட்டர் இருக்க வேண்டும். மர உச்சிக்கும் கம்பிக்கும் இடையே 5.5 மீட்டர் விட வேண்டும். அதனால் நடுப்பகுதியில் மூன்று மீட்டருக்கு மேல் எதுவும் நிற்க முடியாது. கவாத்து செய்து தாழ்வாக வைக்கும் ஒட்டு முந்திரிதான் அங்கே சாத்தியம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகத்தை அப்படி வளர்க்கலாம், அனுமதியை மட்டும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோபுரத்தை நெருங்க நெருங்கக் கம்பி உயர்ந்துகொண்டே போகும். நாற்பது தப்படி என்றால் சுமார் முப்பது மீட்டர். உங்கள் கல் கோபுரம் நிற்கும் இடம்தான் என்றால், பலாவின் தலைக்கு மேல் கம்பி சாதாரணக் கோபுரத்திலேயே பதினேழு, பதினெட்டு மீட்டர் உயரத்தில் போகும். மரம் பதினொரு மீட்டருக்குள் இருந்தால் வெட்டத் தேவையே இல்லை. அதற்கு மேல் என்றால், கோபுரத்துக்கு அடியில் 6 அல்லது 9 மீட்டர் நீட்டிப்பு வைக்கக் கேளுங்கள். அவை கையிருப்பில் உள்ள அளவுகள்தான், ஆறும் ரயில் பாதையும் கடக்கும் இடத்தில் எப்போதும் போடுகிறார்கள். ஏறி வெட்டுபவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. பாதைக்குள் இருப்பதை எல்லாம் சாய்ப்பதுதான் அவர்கள் பழக்கம்.

மரத்தின் உயரத்தை ஏறாமலே அளக்கலாம். காலை ஒன்பது மணி வாக்கில் ஒரு கழியைத் தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் தெரியும்படி சமதரையில் நேராக நட்டு, அதன் நிழலை அளங்கள். உடனே அடிமரத்திலிருந்து உச்சி நிழல் விழும் இடம் வரை பலாவின் நிழலையும் அளங்கள். பலா நிழலின் நீளத்தைக் கழி நிழலின் நீளத்தால் வகுத்தால் மரத்தின் உயரம் மீட்டரில் வந்துவிடும். அந்த எண்ணையும், அடுத்த கல் எங்கே நட்டிருக்கிறார்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள். மனுவோடு இணைக்க ஒரு வரைபடம் போட்டுத் தருகிறேன்.